முகம் தெரியாத கலகக்காரர்களுக்கு எப்படிச் சிலை வைப்பது?

கடலோடி எழுதியது:

நண்பர்களே, அடிமைமுறையை எதிர்த்து எழுந்தவர்களுக்காக உலகத்தில் வைத்திருக்கும் சிலைகளைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். என் மனதை விட்டு நீங்காத ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில், புரட்சிச் சதுக்கத்தில் நிற்கும் 1763 நினைவுச்சின்னம்.

1763 பிப்ரவரியில், டச்சுக்காரர்கள் ஆண்ட பெர்பிஸ் காலனியில் அடிமைகள் கலகம் செய்தார்கள். அங்கே வெள்ளைக்காரர்கள் மொத்தமே 350 பேர் அளவில்தான். அடிமைகள் நாலாயிரத்துக்கும் மேல். கலகத்துக்குத் தலைமை ஏற்றவர் கஃபி, பீப்பாய் செய்யும் தொழில் தெரிந்தவர். ஆளுநர் வான் ஹோகன்ஹைமுக்கு அவர் கடிதம் அனுப்பினார். காலனியை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம், ஆற்றின் மேல்பகுதி எங்களுக்கு, கீழ்ப்பகுதி உங்களுக்கு என்று ஓர் அரசு இன்னொரு அரசோடு பேசுவதுபோலப் பேசினார். பிறகு உட்பூசல் வந்தது, கஃபி தன்னைத்தானே மாய்த்துக்கொண்டார், 1764இல் கலகம் அடக்கப்பட்டது. 1970இல் கயானா தன்னைக் குடியரசாக அறிவிக்கத் தேர்ந்தெடுத்த நாள் பிப்ரவரி 23. அந்தக் கலகம் தொடங்கிய நாள் அது.

கஃபியின் கடிதங்கள் இருக்கின்றன. முகம் இல்லை. யாரும் அவரை வரைந்து வைக்கவில்லை. 1976 மே 23 அன்று திறந்து வைத்த சிலையைச் செய்த பிலிப் மூர், பெர்பிஸ் பகுதியில் பிறந்து, யாரிடமும் போய்ப் படிக்காமல் தானே செதுக்கக் கற்றவர். அவர் இல்லாத முகத்தைக் கற்பனை செய்து அழகான ஒரு வீரனை வார்க்கவில்லை. உதடுகளை முறுக்கிப் பிதுக்கிய வாய். மார்பில் கவசமாக இன்னொரு முகம். தொடைகளில் கொம்பு முளைத்த முகங்கள், கயானாவின் மற்ற கலகக்காரர்களுக்காக. கைகளில் ஒரு நாயையும் ஒரு பன்றியையும் கழுத்தை நெரித்துப் பிடித்திருக்கிறார். பன்றி அறியாமை, நாய் பேராசை என்பது மூர் சொன்ன விளக்கம். திறந்தபோதே நாட்டில் பெரிய சண்டை. இதுவா கஃபி, மனிதன் மாதிரியே இல்லையே என்று பலர் கோபப்பட்டார்கள்.

எனக்கு இதுதான் சரியான வழி என்று படுகிறது. உங்களுக்கு எப்படி?


கருங்கல் எழுதியது:

சிலை நல்லா இருக்கா இல்லையாங்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி தோழர். யார் வச்சது? கயானால வச்சது ஃபோர்ப்ஸ் பர்னாம் அரசு. தேர்தல்ல முறைகேடு பண்ணியே ஆட்சியில உக்காந்திருந்த ஆளு. ஹைட்டியில அதிபர் மாளிகைக்கு எதிர்ல இருக்கிற "பெயரறியா மரூன்" சிலையைச் செய்யச் சொன்னது அப்போ அங்க சர்வாதிகாரியா இருந்த அதிபர் ஃபிரான்சுவா துவாலியே. சொந்த சனத்தையே கூலிப்படை வச்சுக் கொன்னவன். தப்பி ஓடின அடிமைக்கு அவன் சிலை வைக்கிறான்னா எதுக்கு? அந்த வீரத்துக்கு வாரிசு நான்தான்னு காட்டத்தான். கலகக்காரன் செத்தப்புறம் அதிகாரத்துக்கு அவனைவிட வசதியான ஆள் கிடையாது. எதிர்த்துப் பேச மாட்டான்.

அதனால எனக்கு இந்த வெண்கலத்து மேல பெரிய நம்பிக்கை இல்ல.


உளிச்சத்தம் எழுதியது:

கருங்கல் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா காசு கொடுத்தவன் வேற, கை வேற. ராஜராஜன் காசு கொடுத்தான்னு நடராசர் அவனோடதா ஆயிடாது. நான் கும்பகோணம் பக்கம், வார்ப்பு வேலை. அந்தக் கண்ணோட பாக்குறதைச் சொல்றேன்.

ஹைட்டி சிலையைச் செஞ்சவர் ஆல்பர்ட் மாங்கோனெஸ், 1967. படத்தை நல்லாப் பாருங்க. ஒரு முழங்கால் தரையில ஊனியிருக்கு, இன்னொரு கால் பின்னாடி நீட்டினாப்ல இருக்கு, கணுக்கால்ல அறுந்த சங்கிலி. ஒரு கை கொடுவாளைப் பிடிச்சிருக்கு, இன்னொரு கையில சங்கு. தலையைப் பின்னுக்குச் சாய்ச்சு அதை ஊதுறான். நெஞ்சு வில்லா வளைஞ்சு மேல பாக்குது. மத்தவங்களை எழுப்புறதுக்கு ஊதுற சங்கு அது.

இப்ப இதுக்குப் பக்கத்துல வாஷிங்டன்ல 1876ல வச்ச விடுதலை நினைவுச்சின்னத்தை வைங்க. தாமஸ் பால் செஞ்சது. லிங்கன் நிமிர்ந்து நிக்கிறார், கை ஒன்னு நீண்டிருக்கு, அந்தக் கைக்குக் கீழ விடுதலையான அடிமை மண்டி போட்டிருக்கான். ரெண்டு சிலையிலயும் முழங்கால் மண்ணுலதான். ஆனா உடம்போட பாரம் எங்க போகுதுன்னு பாருங்க. வாஷிங்டன்ல முதுகு கூனி, பாரம் கீழ இறங்குது. ஹைட்டியில இடுப்புலேர்ந்து நெஞ்சுக்கு ஏறி சங்கு வழியா வெளிய போகுது. அந்த வளைவை எந்தச் சர்வாதிகாரியும் செய்யச் சொல்லி உத்தரவு போட முடியாது. அது சிற்பியோட கை.

2010 நிலநடுக்கத்துல அந்த அதிபர் மாளிகை இடிஞ்சு விழுந்துச்சு. எதிர்ல இருந்த மரூன் அப்படியே நின்னான். 1989ல ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்துக்கு அஞ்சல்தலை போட்டப்ப, அடிமைமுறை கூடாதுங்கிற நாலாவது பிரிவுக்கு இந்தச் சிலையைத்தான் எடுத்துக்கிட்டாங்க. துவாலியே பேரு அதுல எங்கயும் இல்ல.


தேன்மொழி எழுதியது:

உளிச்சத்தம் ஐயா, வாஷிங்டன் சிலையைப் பற்றி நீங்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எனக்கு அதுதான் இந்த விஷயத்திலேயே மிகவும் வலிக்கிற இடம்.

அந்த மண்டியிட்ட மனிதர் ஏதோ பொது உருவம் இல்லை. அவருக்கு முகம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. ஆர்ச்சர் அலெக்சாண்டர். மிசௌரி மாநிலத்தில் அடிமையாக இருந்தவர். உள்நாட்டுப் போரின்போது, வடக்குப் படை கடக்கவிருந்த பாலத்தின் மரங்களைத் தெற்குப் பக்கத்தவர்கள் அறுத்து வைத்திருப்பது தெரியவந்து, போய்த் தகவல் சொன்னவர். அது வெளியே தெரிந்ததும் உயிருக்குத் தப்பி ஓடி, செயின்ட் லூயிஸ் நகரத்தில் அடைக்கலம் புகுந்தார். அவருடைய புகைப்படத்தைப் பார்த்துத்தான் சிற்பி அந்த முகத்தைச் செய்தார்.

யோசித்துப் பாருங்கள். கஃபிக்கு முகம் கிடைக்கவில்லை என்று வருந்துகிறோம். இங்கே முகம் கிடைத்திருக்கிறது, புகைப்படமே இருக்கிறது. தன் விடுதலையைத் தானே எடுத்துக்கொண்ட மனிதர். அவரைக் கொண்டுபோய் இன்னொருவர் காலடியில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தச் சிலைக்கான பணத்தைக் கொடுத்தவர்களோ அடிமைமுறையிலிருந்து மீண்டவர்கள். முதல் 5 டாலரைக் கொடுத்தது சார்லட் ஸ்காட் என்ற பெண். பணம் அவர்களுடையது, வடிவத்தை முடிவு செய்தது வேறு ஆட்கள். கருங்கல் கேட்ட "யார் வைத்தது" என்ற கேள்விக்கு இங்கே பதில் தலைகீழாக வருகிறது.

திறப்பு விழாவில் பேசியவர் ஃபிரடெரிக் டக்ளஸ், அவரும் அடிமையாக இருந்து தப்பியவர். சில நாளிலேயே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நாலுகால் பிராணிபோல மண்டியிட்டு இல்லாமல், மனிதனாகக் காலூன்றி நிற்கும் கறுப்பின மனிதனின் நினைவுச்சின்னம் ஒன்றைச் சாகும் முன் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அது 1876 ஏப்ரல். ஜார்ஜ்டவுனில் மூரின் கஃபி எழுந்து நின்றது 1976 மே. நூறு வருஷம்.

பாஸ்டன் நகரத்தில் இருந்த இதே சிலையின் பிரதியை 2020 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். வாஷிங்டனில் இன்னும் இருக்கிறது.


கருங்கல் எழுதியது:

அலெக்சாண்டர் கதை எனக்குத் தெரியாதுங்க அக்கா, நன்றி. ஆனா ஒரு சந்தேகம். அந்தச் சிலையில ஒரு கால் ஊனியிருக்கே, எழுந்திருக்கிற மாதிரிதானே இருக்கு? கையில சங்கிலி அறுந்திருக்கு. அவன் எழுந்துக்கிட்டிருக்கான்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு.


உளிச்சத்தம் எழுதியது:

எழுந்திருக்கிற ஆளுக்கு மேல ஒரு கையை நீட்டி வச்சா அவன் எழுந்திருக்க மாட்டான் தம்பி. அந்தக் கையை மறைச்சுட்டுப் பாருங்க, நீங்க சொல்றது சரி. மறைக்காம பாருங்க, இல்ல.


வல்வை மைந்தன் எழுதியது:

வணக்கம் உறவுகளே. நான் டென்மார்க்கில இருக்கிறன். இஞ்ச கோப்பன்ஹேகன் துறைமுகத்தடியில 2018 மார்ச் 31ந் தேதி ஒரு சிலை திறந்தவை. "நான் மேரி அரசி" எண்டு பேர். அதைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரேல்லை.

டெனிஷ்காரர் கரீபியனில மூண்டு தீவுகள் வச்சிருந்தவை, கரும்புத் தோட்டத்துக்கு. 1917ல அமெரிக்காவுக்கு 25 மில்லியன் டொலருக்கு வித்துப்போட்டினம். அதில சென் குரோய் தீவில 1878 அக்டோபர் 1ந் தேதி பெரிய கிளர்ச்சி. ஐம்பதளவு தோட்டங்கள் எரிஞ்சது. முன்னுக்கு நிண்டது பெண்கள், சனம் அவையை அரசிகள் எண்டு கூப்பிட்டது. மேரி தோமஸ் அதில ஒருத்தி. பிடிச்சுக் கோப்பன்ஹேகனுக்குக் கொண்டுவந்து சிறையில போட்டவை.

சிலை ஏழு மீற்றருக்கு மேல. பெரிய பிரம்பு நாற்காலியில அரியணை மாதிரி இருக்கிறா, ஒரு கையில தீப்பந்தம், மற்றக் கையில கரும்பு வெட்டுற கத்தி. கால் செருப்பில்லாமல். பீடத்தில பதிச்சது பவளக்கல்லு. அந்தத் தீவில அடிமைகள் கடலுக்குள்ள இறங்கி வெட்டி எடுத்து, வீடுகளுக்கு அத்திவாரம் போட்ட அதே கல்லுகளைக் கப்பலில கொண்டுவந்து வச்சவை. நான் அந்தக் கல்லைத் தொட்டுப் பாத்தனான். சொரசொரப்பாய், சின்னச் சின்னத் துவாரங்களோட இருக்கும். சிலையைவிட அதுதான் எனக்கு நெஞ்சுக்குள்ள போனது.

முகத்துக்கு வருவம். கடலோடி கேட்ட கேள்விக்கு இவை கண்டுபிடிச்ச வழி வேற. செய்தது ரண்டு பெண் கலைஞர்கள். ஜெனெட் ஏலர்ஸ் டென்மார்க்கில, லா வோன் பெல் சென் குரோயில. ரண்டு பேரும் தங்கட உடம்பையே முப்பரிமாண ஸ்கான் பண்ணி, ரண்டையும் ஒண்டாக்கி அந்த உருவத்தை எடுத்தவை. மேரி தோமஸைச் செய்யிறம் எண்டு சொல்லேல்லை, அவவின்ர வாரிசாய் நாங்கள் இருக்கிறம் எண்டு சொன்னவை.

இருக்கிற இடமும் முக்கியம். பின்னால நிக்கிறது பழைய மேற்கிந்தியப் பண்டகசாலை. தீவுகளில இருந்து வந்த சீனியும் றம்மும் அடுக்கினது அதுக்குள்ளதான். இப்ப உள்ளுக்க ஐரோப்பியச் சிற்பங்களின்ர சாந்து வார்ப்புகள். வாசலில மைக்கேலாஞ்சலோவின்ர தாவீதின்ர பிரதி. அதுக்குக் கிட்டத்தான் மேரியும் இருந்தவ.

ஆனால் சிலை ரெஜிபோமில, அதுதான் நீங்கள் தெர்மக்கோல் எண்டு சொல்லுறதில செய்தது, மேல கறுப்புப் பூச்சு. 2020 டிசம்பர் புயலில சேதமாகி எடுத்துப்போட்டினம்.


தேன்மொழி எழுதியது:

வல்வை அண்ணா, மனசு கனக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. டென்மார்க் தீவுகளில் 1848லேயே அடிமைமுறை முடிந்துவிட்டதே. 1878இல் மேரி தோமஸ் அடிமை இல்லையே. இந்த வரிசையில் அவர் வருவாரா?


வல்வை மைந்தன் எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி. 1848 யூலை 3ந் தேதி விடுதலை அறிவிச்சது உண்மை. அதுவும் ஆளுநர் தானாய்க் குடுக்கேல்லை, ஆயிரக்கணக்கான அடிமைகள் பிரெடெரிக்ஸ்டெட் கோட்டைக்கு முன்னால திரண்டு கேட்ட பிறகுதான் குடுத்தவர். அடுத்த வருசமே தொழிலாளர் சட்டம் ஒண்டு கொண்டுவந்தவை. வருசக் கணக்கில ஒப்பந்தம், சம்பளம் சட்டத்திலயே நிர்ணயம். வருசத்தில ஒருநாள், அக்டோபர் 1 அண்டைக்குத்தான் தோட்டம் மாறலாம். அந்த நாளிலதான் தீ வைச்சது. எனக்கு மேரி இந்த வரிசைக்குள்ள வருவா. 1848ல எழுதிக் குடுத்ததை முப்பது வருசம் கழிச்சு உண்மையாய்க் கேட்டவ அவ.

இன்னொண்டு. இதே டெனிஷ்காரர்தான் 1620 துவக்கம் 1845 மட்டும் உங்கட தரங்கம்பாடியில இருந்தவை. எங்கட பக்கத்துத் துணி ஐரோப்பாவுக்குப் போய், அங்கயிருந்து மேற்கு ஆபிரிக்காக் கரைக்குப் போய், அங்க ஆக்களை வாங்கிறதுக்குக் குடுபட்டது. சோழமண்டலக் கரை நெசவாளியின்ர துணிக்கும் சென் குரோய்க் கரும்புக்கும் நடுவில கணக்கு இருக்கு.


உளிச்சத்தம் எழுதியது:

தெர்மக்கோல்ல செஞ்சது புயல்ல போனது பத்தி ஒரு வார்த்தை. எங்க ஊர்ல தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிச்சு, காவிரி வண்டல் மண்ணு பூசி, மெழுகை உருக்கி எடுத்துட்டு உலோகம் ஊத்துறோம். ஏன் இவ்வளவு பாடு? ஆயிரம் வருஷம் நிக்கணும்னு. மூரோட கஃபி 15 அடி, ரெண்டரை டன் வெண்கலம். கயானாவுல அதை வார்க்கிற பட்டறை இல்லாம இங்கிலாந்துல பேசிங்ஸ்டோக்ல மோரிஸ் சிங்கர் பட்டறையில வார்த்துக் கப்பல்ல கொண்டு வந்தாங்க. 18 அடி பீடத்து மேல ஏத்தினாங்க. சின்ன நாடு, இவ்வளவு செலவு.

வசதியான நாட்டுத் தலைநகர்ல அந்த மேரி அரசிக்கு வெண்கலம் கிடைக்கலங்கிறதுல எனக்கு வருத்தம் இருக்கு. காரணம் பணம்தான்னு இருக்கலாம். ஆனா ஊர்ல எத்தனை குதிரை வீரனுக்கு வெண்கலம் கிடைச்சிருக்கு! எதை வெண்கலத்துல ஊத்துறோம், எதைத் தெர்மக்கோல்ல செதுக்குறோம்ங்கிறதுலயே ஒரு நாட்டோட மனசு தெரிஞ்சிடுது.


கடலோடி எழுதியது:

கருங்கல் எழுப்பிய கேள்வியை நான் தாண்டிப்போக விரும்பவில்லை. கயானாவில் அது இன்னும் சிக்கல். அடிமைமுறை 1838இல் முற்றாக முடிந்த அதே வருடம், அதே கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. இன்றைக்கும் அங்கே அவர்களை மதராசிகள் என்பார்கள், பெர்பிஸ் பக்கத்தில் அவர்கள் வைத்த காளியம்மன் கோயில்கள் இருக்கின்றன. கஃபி நடந்த மண்ணில் நம் மாரியம்மன் பாட்டுக் கேட்கிறது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாட்டு அரசியல் ஆப்பிரிக்க வம்சம், இந்திய வம்சம் என்று பிளந்துபோனது. பர்னாம் வைத்த சிலையை இந்திய வம்சத்தவர்கள் பலர் தங்களுடையதாக நினைக்கவில்லை.

அதை நான் மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். கஃபியின் கலகம் தோற்றது. ஆனால் தோட்ட முதலாளிகள் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அது எழுதி வைத்துவிட்டுப் போனது. 1823இல் இன்றைய கயானாவின் இன்னொரு பகுதியான டெமராராவில் பத்தாயிரம் அடிமைகளுக்கு மேல் எழுந்தார்கள். 1948 ஜூன் 16 அன்று என்மோர் தோட்டத்தில் கூலி கேட்டுப் போராடிச் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து கரும்புத் தொழிலாளிகள் இந்திய வம்சத்தவர்கள். இவை எல்லாமே கரும்புக்கொல்லையில் நடந்த ஒரே வழக்கின் தொடர்ச்சி. பர்னாம் என்ன நினைத்து வைத்தாரோ, மூர் செய்த உருவத்தில் ஒரு முகம் மட்டும் இல்லை, உடம்பெல்லாம் முகங்கள். ஒரே தலைவனுக்கு அதைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாதபடி அவர் செய்திருக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.


தேன்மொழி எழுதியது:

உடம்பெல்லாம் முகங்கள் என்று கடலோடி சொன்னது அழகு. ஆனால் இதுவரை பேசிய வெண்கலமெல்லாம் திரண்ட தோள் உள்ள ஆண்கள். பார்படோஸ் நாட்டிலும் அப்படித்தான், கார்ல் புரூடாகன் 1985இல் செய்த விடுதலைச் சிலை. அறுந்த சங்கிலிகளோடு இரண்டு கையையும் விரித்து நிற்பவர். அரசு அதற்குக் கலகத் தலைவர் யார் பெயரையும் வைக்கவில்லை. சனங்கள்தான் அதை "புஸ்ஸா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, 1816இல் அங்கே கலகம் செய்த புஸ்ஸாவாகவே ஆக்கிவிட்டார்கள். அதுவும் ஒரு வழி, சிற்பி கொடுக்காத பெயரைத் தெரு கொடுத்தது.

பெண் என்றால் நான் சொலிட்யூடைச் சொல்வேன். குவாதலூப் தீவு. பிரெஞ்சுப் புரட்சி 1794இல் ஒழித்த அடிமைமுறையை 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தபோது எதிர்த்துப் போரிட்டவர்களில் ஒருத்தி. அப்போது கர்ப்பிணி. பிடிபட்டபின், பிள்ளை பெறும்வரை காத்திருந்து, பெற்ற மறுநாள், 1802 நவம்பர் 29 அன்று, கொன்றார்கள். பிறக்கிற குழந்தையும் யாரோ ஒருவரின் சொத்துதானே. 1999இல் குவாதலூப்பில் ஜாக்கி பூலியே செய்த சிலையில் அவள் இடுப்பில் கைவைத்து, வயிற்றை முன்னே தள்ளி நிற்கிறாள். ஆயுதம் ஏதும் இல்லை. அந்த வயிறு போதும். 2022இல் பாரிஸ் நகரத்திலும் அவளுக்குச் சிலை வைத்தார்கள்.

வகுப்பில் பிள்ளைகளுக்குப் படம் காட்டினால் முதலில் இதைத்தான் காட்டுவேன்.


கேப் காற்று எழுதியது:

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். சொந்த ஊர் நாகப்பட்டினம், வேலை கேப் டவுனில்.

இங்கே சர்ச் சதுக்கத்தில் 2008இல் வைத்த அடிமைகள் நினைவிடத்தில் உருவமே கிடையாது. பளபளவென்று தேய்த்த கறுப்புக் கருங்கல் கட்டைகள் பதினொன்று. அவற்றின் மேல் அடிமைகளின் பெயர்களும், எதிர்ப்பு, தண்டனை, தப்பித்தல் என அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் சொற்களும் வெட்டியிருக்கின்றன. வில்மா குரூஸ், கேவின் யங் இருவரும் செய்தது. மத்தியானத்தில் பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் அந்தக் கல்மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்கு முதலில் கோபமாக வந்தது. இப்போதும் முழுவதாகச் சமாதானம் ஆகவில்லை. நினைவிடம் என்று தெரியாமலே போகிறவர்கள் அதிகம். பெயர்கள் மட்டும் போதாது, கடலோடி.

1652க்கும் 1808க்கும் நடுவில் இங்கே கொண்டுவந்த அடிமைகள் சுமார் 63,000 பேர். அதில் கால்வாசி இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து. பிறந்த இடத்தைத்தான் பெயரோடு ஒட்டி எழுதினார்கள், வங்காளம், மலபார், சோழமண்டலம், இலங்கை என்று. என் ஊர்த் துறைமுகத்திலிருந்தே, 1659-61 பஞ்சத்தின்போது, டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கான தஞ்சைச் சீமைக்காரர்களை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக ஏற்றியிருக்கிறார்கள். ஊரில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. இங்கே வந்துதான் படித்தேன்.

இங்கே நடந்த ஒரு கலகத்தை இந்த இழைக்குக் கொடுக்கிறேன். 1808 அக்டோபர் 27. லூயி என்ற அடிமை, மொரீசியஸில் பிறந்தவர், தையல்காரர். முந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகளையும் இந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய்கொய் மக்களையும் பண்ணை பண்ணையாகச் சேர்த்துக்கொண்டு நகரத்தை நோக்கி நடத்திவந்தார். பண்ணையார்களை ஏமாற்ற, வெளிநாட்டுக் கப்பல் தலைவன்போல வேடம் போட்டார். நீலச் சட்டை, சிவப்புக் கழுத்துப் பட்டை, தோளில் பொன்னும் வெள்ளியுமாகப் பட்டைகள், தொப்பியில் நெருப்புக்கோழி இறகு, இடுப்பில் வாள். நகரத்துக்கு வெளியே படை மறித்துவிட்டது. லூயியைத் தூக்கிலிட்டார்கள். வழக்கு ஆவணத்தில் அந்த உடுப்பு நுணுக்கமாக இருக்கிறது, முகத்தைக் காட்டும் படம் எதையும் நான் பார்த்ததில்லை.

உளிச்சத்தம் ஐயா, உங்களிடம் இதைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?


உளிச்சத்தம் எழுதியது:

ரெண்டு நாளா இதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. தையல்காரன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே வேலை இருக்கு. சட்டையோட தையலை அடிச்சு நுணுக்கமா எடுப்பேன். பொத்தான், பொத்தான் துளை, கழுத்துப் பட்டை மடிப்பு, தோள்பட்டையில தொங்குற குஞ்சம், அத்தனையும் மெழுகுலயே கீறிக் கொண்டுவரலாம். அடிமைக்கு உடுப்பு கொடுக்கிறவன் எசமான். இந்த ஆளு தன்னோட உடுப்பைத் தானே தீர்மானிச்சுப் போட்டுக்கிட்டு, தலை நிமிர்ந்து பண்ணை வாசல்ல போய் நின்னான். அதுதான் சிலை.

முகத்துக்கு மூர் வழி எனக்கு வராது, அது அவரோட கனவுலேர்ந்து வந்தது. அந்த மேரி அரசியைச் செஞ்ச பொண்ணுங்க வழிதான் சரின்னு படுது. கேப் டவுன்ல இன்னிக்கு இருக்கிற அந்த வம்சத்துப் பிள்ளைங்க நாலஞ்சு பேரை உக்கார வச்சு, அவங்க முகத்துலேர்ந்து எடுப்பேன். ஒன்றரை ஆள் உயரம் போதும், பீடம் வேண்டாம். தரையில நிக்கணும்.


கருங்கல் எழுதியது:

பீடம் வேண்டாம்னு நீங்க சொன்னதுக்காகவே நான் இதுக்கு ஒத்துக்கிறேன் ஐயா. ஆனா காசு அரசாங்கம் கொடுக்கக் கூடாது. சார்லட் ஸ்காட் மாதிரி சனங்க கொடுக்கட்டும், வடிவத்தையும் அவங்களே முடிவு பண்ணட்டும். அப்படி ஒன்னு செஞ்சா என் பேரை முதல்ல எழுதிக்குங்க.


கடலோடி எழுதியது:

கேப் காற்று, அந்தக் கருங்கற்களில் வெட்டியிருக்கும் பெயர்களைப் படம் எடுத்துப் போட முடியுமா? சோழமண்டலத்துப் பெயர்கள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வல்வை, பவளக்கல் பீடத்தின் படம் உங்களிடம் இருந்தால் அதையும்.